போர்டு வைத்த பள்ளம்

மலை சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கான சர்வதேச சங்கம் ஒன்று 1988இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. காட்டுத் தடங்களை எப்படித் தரம் பிரிப்பது என்று அவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பச்சை வட்டம் என்றால் எளிது. தடத்தின் அகலம் 36 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, சராசரிச் சரிவு 5 சதவீதத்துக்குள் இருக்கணும், தவிர்க்க முடியாத கல்லோ வேரோ 2 அங்குலத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. நீலச் சதுரத்தில் அகலம் 24 அங்குலமாகக் குறையும், சரிவு 10 சதவீதம் வரை போகும், தடை 8 அங்குலம் வரை வரலாம். அதுக்கு மேலே கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம். நிறங்களும் வடிவங்களும் பனிச்சறுக்கு மைதானங்களிலிருந்து இரவல் வாங்கினவை.

ஏலாக்குறிச்சியில் மலை கிடையாது. தெற்கே கொள்ளிடம், அதன் கரை, கரைக்கு இந்தப் பக்கம் வயல், ஊருக்குள் வீரமாமுனிவர் காலத்து அடைக்கல மாதா கோயில். ஏற்றம் என்று சொல்ல வேண்டுமானால் ஆற்றுக்கரை மேலே ஏறுகிற வண்டித்தடம் ஒன்றுதான். அது எப்படிப் பார்த்தாலும் 5 சதவீதத்துக்கு மேல். ஆக, இந்த அளவுகோல்படி நான் சின்ன வயசில் தினமும் ஏறி இறங்கின தடம் பச்சை இல்லை. அப்போது அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் பெருமையாக இருந்திருக்கும்.

நிறம் வைத்த தடத்தில் நான் முதலில் ஓட்டியது ஸ்காட்லாந்தில். ஆபீஸ் வேலையாக எடின்பரோவில் இருந்தபோது, தெற்கே பீபிள்ஸ் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற கிளென்ட்ரெஸ் காட்டுக்கு வார இறுதியில் போவேன். அங்கே நிற வரிசை கொஞ்சம் வேறு: பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு. தடம் தொடங்குகிற இடத்தில் போர்டு. பிரிட்டனில் அந்தப் போர்டு வெறும் சரிவையும் அகலத்தையும் மட்டும் சொல்லாது. இது யாருக்கு ஏற்றது, எந்த மாதிரி சைக்கிள் வேணும், உடம்பு எவ்வளவு தாங்கணும் என்றும் சொல்லும். பச்சை ஆரம்பக்காரர்களுக்கு, நீலம் காட்டுத்தடத்தில் ஓரளவு பழகினவர்களுக்கு, சிவப்பு தேர்ந்தவர்களுக்கு. கறுப்பு யாருக்கு என்று விளக்கத் தேவையில்லை. அந்தப் போர்டுக்கு முன்னால் நிற்கிற ஆட்களைப் பார்த்தாலே தெரியும்.

பழகுவது பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதை எழுதப்போகிறேன் என்று சொன்னதும் நண்பர்கள் கேட்டது தத்துவம் இல்லை, "எப்படிடா ஆரம்பிக்கிறது" என்றுதான். சீட்டை இறக்கிவிடணும். இறக்கத்தில் உட்காரவே கூடாது. இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க, அதன் மேல் நிற்கணும், முட்டியும் முழங்கையும் தளர்ந்து இருக்கணும். கல்லை வாங்கிக்கொள்வது டயரும் நம் மூட்டுகளும்தான், முதுகெலும்பு இல்லை. டயரில் ரோட்டு சைக்கிளை விடக் காற்று குறைவாக இருந்தால்தான் மண்ணைப் பிடிக்கும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்கணும், வளைவுக்குள் போய் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். ஹெல்மெட் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடைசியாக, எனக்குப் பிடிபட ரொம்ப நாளானது: பார்வை எங்கே போகுதோ அங்கேதான் வண்டி போகும். கல்லைப் பார்த்துக்கொண்டே கல்லைத் தவிர்க்க முடியாது. வளைவின் முடிவைப் பார்க்கணும்.

இதெல்லாம் இரண்டு மூன்று வாரத்தில் உடம்புக்கு வந்துவிடும். வராமல் இருந்தது எனக்குள் ஒரு சந்தேகம். யாரோ அளந்து, நிறம் பூசி, போர்டு நட்டு வைத்த ஆபத்து உண்மையிலேயே ஆபத்துதானா? நீலத் தடத்தில் நான் காட்டுகிற தைரியம் என்னுடையதா, இல்லை அந்தப் போர்டை வைத்தவருடையதா?

1859இல் ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதிய சுதந்திரம் பற்றிய நூலில் ஒரு பாலம் வரும். இடிந்துவிழும் நிலையில் இருக்கிற பாலத்தை நோக்கி ஒருவன் போகிறான், எச்சரிக்க நேரமில்லை. அவனைப் பிடித்து இழுப்பதில் அவன் சுதந்திரம் எதுவும் பறிபோகவில்லை என்கிறார் மில், ஏனென்றால் ஆற்றில் விழ அவன் ஆசைப்படவில்லை. ஆனால் விழுவது நிச்சயம் இல்லை, விழலாம் என்கிற அளவுதான் என்றால் கதை வேறு. போகலாமா வேண்டாமா என்பதை அவனைத் தவிர யாரும் எடைபோட முடியாது. அப்போது மற்றவர்கள் செய்யக்கூடியது எச்சரிப்பது மட்டுமே. தடம் தொடங்குகிற இடத்தில் நிற்கிற போர்டு, கிட்டத்தட்ட மில் கேட்ட அந்த எச்சரிக்கைதான். உன் தைரியத்தை அது எடுத்துக்கொள்வதில்லை. எதைப் பற்றித் தைரியப்படுகிறாய் என்று சொல்கிறது. தெரியாமல் குதிப்பதைத் தைரியம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால் என் சந்தேகத்தின் முதல் பாதி அங்கேயே தீர்ந்தது.

தீராதது இரண்டாவது பாதி. மில் அந்த இடத்திலேயே ஒரு விலக்கு வைக்கிறார்: குழந்தைக்கு இது பொருந்தாது. என் அக்கா மகனுக்கு இப்போது பதினாறு வயசு.

பிளஸ் ஒன் படிக்கிறான். அரசு கொடுத்த சைக்கிள் இருக்கிறது. அவனுக்கு வேண்டியது கியரும் முன்னால் ஷாக் அப்சார்பரும் வைத்த ஒன்று, அதை எடுத்துக்கொண்டு கூட்டாளிகளோடு பச்சைமலைக்குப் போகணும். அத்தானுக்குக் காசுதான் பிரச்சினை, அது ஒரு மாதிரி தீர்ந்துவிடும். அக்காவுக்குப் பயம். வீட்டில் மலை சைக்கிள் ஓட்டின ஒரே ஆள் என்பதால் என்னைச் சாட்சிக்கு இழுத்தார்கள். நான் கிளென்ட்ரெஸ் போர்டு பற்றி விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா சொன்னாள்: "அந்த மாதிரி போர்டு இங்க யாராச்சும் வச்சா விடுறேன்டா."

சிரிக்கிற விஷயமாகத் தோன்றலாம். போர்டு வைத்தால் பள்ளம் தூர்ந்துவிடப் போவதில்லை. ஆனால் அவள் கேட்டது வேறு என்று நினைக்கிறேன். மகனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பது ஒரு பயம். "நீதானே விட்டே" என்று ஊரும் உறவும் தன்னைக் கேட்கும் என்பது அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற இன்னொரு பயம். போர்டு இருந்தால் அந்தப் பழியில் பங்குக்கு ஒரு ஆள் கிடைக்கும். அளந்து பார்த்துச் சொன்ன யாரோ ஒருவர். ஒருத்தருக்கு அனுமதி கொடுப்பது என்பது அவருடைய விபத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது. நம் வீடுகளில் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவள் பெரும்பாலும் அம்மா. தனியாகப் போட வேண்டியிருப்பதால்தான் அம்மாக்கள் எதற்கும் வேண்டாம் என்கிறார்கள். இதைக் கோழைத்தனம் என்று எழுதுகிற கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். எழுதினவர்கள் யாரும் யாருக்கும் அனுமதி கொடுக்கும் இடத்தில் இருந்திருக்க மாட்டார்கள் என்று தோன்றும்.

நம்மிடமும் தரவரிசை இருந்தது. குரங்குப் பெடல், அப்புறம் பார் மேலே காலைப் போட்டு, அப்புறம் சீட்டில், அப்புறம் ஒரு கை, அப்புறம் டபுள்ஸ். மணிக்கணக்கு வாடகை சைக்கிளில் எங்கள் தெருவே இந்த வரிசையில்தான் ஏறி வந்தது. இது தரம் பிரித்தது பாதையை இல்லை, ஓட்டுகிறவனை. அதே கரை, அதே சரிவு. குரங்குப் பெடல் பையன் அங்கே போகக்கூடாது, சீட்டுக்கு வந்தவன் போகலாம். எங்கள் துறையில் ஒரு பிழையைப் பதிவு செய்யும்போது இரண்டு கட்டங்களை நிரப்புவோம். ஒன்று தீவிரம், பிழை தன்னளவில் எவ்வளவு பெரிசு. இன்னொன்று முன்னுரிமை, அது யாரை, எப்போது பாதிக்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் இரண்டையும் ஒன்று என்று நினைத்து ஒரே எண்ணைப் போடுவார்கள். நிறப் போர்டு முதல் கட்டத்தை நிரப்புகிறது. குரங்குப் பெடல் இரண்டாவதை.

ஆனால் அந்த வரிசை யாருக்கெல்லாம் திறந்திருந்தது? எங்கள் தெருவில் பையன்களுக்கு. என் அக்கா எட்டாம் வகுப்பிலிருந்து பள்ளிக்கு நடந்துதான் போனாள். தமிழக அரசின் இலவச சைக்கிள் திட்டம் 2001–02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, 2005–06இல்தான் எல்லா மாணவ மாணவியருக்கும் விரிந்தது. அதற்குள் அவள் படித்து முடித்துவிட்டாள். இன்றைக்கு வரை அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. அவளுக்கு எந்தத் தடத்துக்கும் எந்த நிறமும் யாரும் காட்டவில்லை. மொத்தமாக ஒரே போர்டு: பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு.

இரண்டு மாவட்டம் தள்ளி இந்தப் போர்டைப் பிடுங்கின கதை நடந்திருக்கிறது. 1991–92இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். குவாரி வேலை செய்கிற பெண்கள், விவசாயக் கூலிகள், கிராம நர்சுகள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று பெண்கள் சைக்கிளில் கூட்டமாக ஊருக்குள் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளில் பழகினார்கள். அதில் சிலர் அதுவே மேல் என்று சொன்னார்களாம், முன்னால் இருக்கிற பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அந்த ரோடுகள் முன்பும் பின்பும் அதே ரோடுகள்தான். சரிவு ஒரு சதவீதம்கூட மாறவில்லை. அவர்களுக்கு ஆபத்தாக இருந்தது டீக்கடை பெஞ்சு. பாட்டும் பேச்சும் கேலியுமாக அங்கிருந்து வந்த அந்தத் தடையை அங்குலத்தில் அளக்க முடியாது. ஆயிரக்கணக்கில் சேர்ந்து போனதால் அது கரைந்தது. ஒருத்திக்குக் கறுப்பாக இருந்த தடம் கூட்டத்துக்குப் பச்சையாகிவிடும் என்பது எந்தத் தரவரிசையிலும் இல்லாத கணக்கு.

ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் இந்த அளவுகோல் சிக்கல் பற்றி ஒரு கதையே எழுதியிருக்கிறார், பரமார்த்த குருவின் கதையில். குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்கணும். ஆறு விழித்திருந்தால் ஆபத்து, தூங்கும்போது கடக்கணும். ஒரு சீடன் கொள்ளிக்கட்டையைக் கொண்டுபோய்த் தண்ணீரில் வைத்துப் பார்க்கிறான். சுர்ரென்று புகை. ஐயோ, விழித்திருக்கிறது. காத்திருந்து, பிறகு அதே கட்டையை, இப்போது அணைந்து போன கட்டையை, மறுபடி வைக்கிறார்கள். சத்தமே இல்லை. தூங்கிவிட்டது, வாங்க போகலாம். இத்தாலியிலிருந்து வந்து கொள்ளிடத்தைப் பெருக்கெடுத்த மாதங்களில் பார்த்த மனுஷன் எழுதினது என்று நினைத்துக்கொண்டு படித்தால் இன்னும் சிரிப்பு வரும். அந்தச் சீடன் அளந்தது ஆற்றை இல்லை, கையிலிருந்த கட்டையின் சூட்டை. அக்கரை சேர்ந்ததும் எண்ணிப் பார்க்கிறார்கள், ஒருவன் குறைகிறான். எண்ணுகிறவன் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஒரே கதையில் அளவுகோலுக்கு வரக்கூடிய இரண்டு வியாதிகளையும் சொல்லிவிட்டார் மனுஷன். எது கைக்கு வருதோ அதை அளப்பது, அளக்கிற ஆளை விட்டுவிடுவது.

இதைப் படிக்கும்போது எனக்குக் குரங்கணி ஞாபகம் வரும். 2018 மார்ச் 11, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கி வந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் வயசு, என்னைப் போல ஐடி வேலைக்காரர்களும் அதில் உண்டு. அந்தத் தடத்தின் சரிவும் அகலமும் அவர்களைக் கொல்லவில்லை. உள்ளூர்க்காரர்கள் நடக்கிற தடம்தான் அது. கொன்றது மாதமும், காய்ந்த புல்லும், காற்றும். அன்றைக்கு அங்கே நீலப் போர்டு ஒன்று இருந்திருந்தால் அது உண்மையைத்தான் சொல்லியிருக்கும், ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது.

அதற்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றத் தடங்களைத் திறந்தது, எளிது, மிதம், கடினம் என்று மூன்று தரம். இணையத்தில் முன்பதிவு, கூடவே உள்ளூர் வழிகாட்டி. வழிகாட்டிகளில் பழங்குடி இளைஞர்களும் இருக்கிறார்கள். இது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். வழிகாட்டி என்பவர் நடமாடுகிற போர்டு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவருக்குத் தெரியும், வருகிறவன் மூச்சு வாங்குவதும் தெரியும். ஆனால் எல்லாமே நடைக்கு. சக்கரத்துக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

இருக்கணுமா என்று கேட்டால் எனக்குச் சட்டென்று ஆமாம் சொல்ல வரவில்லை. ஸ்காட்லாந்தில் 2003இன் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொண்டால் கிட்டத்தட்ட எந்த நிலத்திலும் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. இங்கே 1882இல் போட்ட வனச்சட்டத்தின் நிழலில்தான் காப்புக்காடு இருக்கிறது, அனுமதி இல்லாமல் நுழைந்தாலே குற்றம். ஒரு பக்கம் உன்னைப் பொறுப்பானவன் என்று நம்பித் தொடங்குகிறது, இன்னொரு பக்கம் அத்துமீறுகிறவன் என்று தொடங்குகிறது. கேட்க ஸ்காட்லாந்து அழகாக இருக்கிறது. ஆனால் அங்கே காட்டில் யானை இல்லை. கிளென்ட்ரெஸில் நான் ஓட்டின மரங்களுக்கு நடுவில் சுள்ளி பொறுக்கி, தேன் எடுத்து, மாடு மேய்த்து வாழ்கிற ஊர் எதுவும் இல்லை. பச்சைமலையில் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் இருக்கின்றன, மரவள்ளி போடுகிற கொல்லைகள் இருக்கின்றன. அங்கே ஒத்தையடிப்பாதை என்பது யாரோ ஒருவர் தலைச்சுமையோடு வருகிற வழி. அதில் மேலிருந்து ஒரு பையன் ஷாக் அப்சார்பரை நம்பி இறங்கி வந்தால், அவனுக்கு நீலம். எதிரே வருகிற கிழவிக்கு என்ன நிறம்?

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. மலை சைக்கிளே பிறந்தது கலிஃபோர்னியாவில், டமால்பைஸ் மலைப்பக்கம். 1976இல் அங்கே ரீபேக் என்று ஒரு இறக்கப் பந்தயம் தொடங்கினார்கள். பழைய குண்டு டயர் சைக்கிள்கள், ஒரே இறக்கத்தில் பின்சக்கரத்து பிரேக் சூடேறிக் கிரீஸ் எல்லாம் புகைந்து போகும், ஒவ்வொரு தடவையும் மறுபடி கிரீஸ் அடைக்கணும், அதனால் அந்தப் பெயர். கொஞ்ச வருஷத்தில் நடக்கிறவர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் சண்டை வந்து, அந்த மலையின் குறுகிய தடங்கள் நீண்ட காலம் சைக்கிளுக்கு மூடிக் கிடந்தன. தரவரிசை எழுதுகிறவர்கள் ஓட்டுகிறவனுக்கு வரும் ஆபத்தை எழுதினார்கள். ஓட்டுகிறவனால் வரும் ஆபத்துக்கு நிறம் வைக்கவில்லை. பரமார்த்த குருவின் சீடர்கள் மாதிரிதான், எண்ணுகிற ஆள் கணக்கில் வரவில்லை.

அக்காவிடம் இதில் பாதியைத்தான் சொன்னேன். சொன்னபோது அவளிடம் ஒரு கேள்வியும் கேட்டேன்: அவன் தினமும் ட்யூஷனுக்குப் போகிற ரோடு? அரியலூர் மாவட்டம் சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமெண்டுக்கும் பேர் போனது. கல் ஏற்றின டிப்பர்கள் வருகிற ரோட்டோரத்தில் சைக்கிளில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், லாரி கடக்கும்போது காற்றே ஆளைத் தள்ளும். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு சாண் இறக்கம். இருட்டின பிறகு அந்த வழியாகத்தான் அவன் வீட்டுக்கு வருகிறான், பின்னால் ஒரு சிவப்பு லைட்டுகூட இல்லாமல். அதற்கு யாரும் போர்டு கேட்கவில்லை. "அது எல்லாரும் போற ரோடுதானேடா" என்றாள் அக்கா. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. எல்லோரும் போகிற ரோட்டில் ஏதாவது ஆனால், "நீதானே விட்டே" என்று அவளை யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு பேருக்கும் அது தெரிந்தது என்று நினைக்கிறேன்.

மலை சைக்கிள் இன்னும் வாங்கவில்லை. பின்பக்க லைட் ஒன்றும் ஹெல்மெட் ஒன்றும் சென்னையிலிருந்து அனுப்பிவைத்தேன். பையன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. அரசு சைக்கிளிலேயே கொள்ளிடக்கரையையும் பக்கத்து முந்திரிக்காட்டு வழிகளையும் சுற்றி, ஒரு நோட்டில் வரைபடம் போட்டு, ஸ்கெட்ச் பேனாவால் நிறம் தீட்டி எனக்குப் படம் எடுத்து அனுப்பினான். கரையேறுகிற வண்டித்தடம் நீலம், பக்கத்தில் "மழை பெஞ்சா சிவப்பு" என்று எழுதியிருந்தான். முந்திரிக்காடு பச்சை, அங்கே ஆடு மேய்க்கிறவர்கள் வருகிற நேரத்தையும் குறித்து அந்த நேரத்தில் போகக்கூடாது என்று போட்டிருந்தான். ட்யூஷன் ரோட்டைக் கறுப்பால் அழுத்தித் தீட்டியிருந்தான், பேப்பர் கிழிகிற அளவுக்கு.

அக்கா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணினாள். ட்யூஷனை ஊருக்குள்ளேயே யாரிடமாவது மாற்ற முடியுமா, இல்லை அவனுக்குக் கரைவழியாக வீட்டுக்கு வர வேறு தடம் இருக்கிறதா, எவ்வளவு சுற்று என்று கேட்டாள்.